கடலைக்குச் சோதனைத் திடல்: யாருக்காவது அனுபவம் உண்டா?

எல்லாருக்கும் வணக்கம். திண்டிவனம் பக்கம் எங்கள் ஊரில் பத்துப் பதினைந்து பேர் மானாவாரியில் நிலக்கடலை போடுகிறோம். வேரழுகல்தான் பெரிய தலைவலி. செடி திட்டுத் திட்டாகக் காய்கிறது, பிடுங்கினால் வேர்ப்பட்டை நார் நாராக உரிந்து வருகிறது.

வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் கிராமத் தங்கல் பயிற்சிக்கு வந்து, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கிற நன்மை செய்யும் பூஞ்சாணம்) கலந்து காட்டினார்கள். அக்கறையான பிள்ளைகள்தான். ஆனால் அறுவடை வரை இருந்து பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? போட்டோ எடுத்துக்கொண்டு போகிற ஒருநாள் கூத்து எங்களுக்கு வேண்டாம். விதைப்பிலிருந்து காய் பறிக்கும்வரை கூடவே நின்று கணக்குப் பார்க்கிற திடல் வேண்டும். புது ரகத்தை வெளியிடும் முன் வேளாண் பல்கலைக்கழகம் விவசாயி நிலத்திலும் போட்டுப் பார்ப்பது வழக்கம்தானே, அதனால்தான் கேட்கிறேன்.

அப்படி நிலம் கொடுத்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். வேளாண் அறிவியல் நிலையத்தில் மனு கொடுத்தால் போதுமா, ஆராய்ச்சி நிலையத்துக்கே நேரில் போகணுமா? விதையும் மருந்தும் அவர்கள் பொறுப்பா? முக்கியமாக, மகசூல் அடிவாங்கினால் நட்டம் யாருக்கு, அதை எழுத்தில் வாங்கினீர்களா? (குத்தகை நிலக்காரர்களும் எங்களில் இருக்கிறார்கள்.) ஆடிப்பட்டத்துக்கு முன்னால் முடிவெடுக்கணும். விவரம் தெரிந்த அண்ணன், அக்காக்கள் பதில் போடுங்கள்.