36 கோப்ளின் இருந்தும் தோத்துட்டேன்: டெக்ல தப்பா, எங்கிட்ட தப்பா?

மொட்டைமாடி கோப்ளின்:

வணக்கமுங்க. மேஜிக்ங்கற சீட்டு விளையாட்டுல கமாண்டர்ங்கற வகை (ஒரு தலைவன் கார்டு, கூட 99 கார்டு) ஆடறவங்க யாராச்சும் இருந்தா இதைக் கொஞ்சம் பாருங்க. எட்டு மாசமா ஒரே டெக்தான் வச்சிருக்கேன். கமாண்டர் க்ரெங்கோ, மாப் பாஸ். சிவப்பு மட்டும். அவனை டேப் பண்ணுனா (கார்டைப் பக்கவாட்டுல திருப்புனா), நம்மகிட்ட எத்தனை கோப்ளின் இருக்கோ அத்தனை புதுக் குட்டி வரும், எல்லாம் 1/1 (அடி 1, உயிர் 1). ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும். அந்தப் பெருக்கல் மேலதான் எனக்கு ஆசையே.

99 கார்டுல 46 கோப்ளின், 31 மவுண்டன் (கார்டு இறக்கற செலவுக்கு ஒண்ணு ஒரு மானா தரும்), மீதி 22 சில்லறை. பாதிக்கு மேல ஜெராக்ஸ் கடையில கலர் பிரிண்ட் எடுத்து, பழைய மவுண்டன் மேல வச்சு ஸ்லீவ்ல சொருகுனதுங்க. குட்டிகளுக்கு அடையாளமா வைக்கற டோக்கனுக்குப் புளியங்கொட்டை. அம்மா தாயம் ஆட வச்சிருந்த டப்பாவையே தூக்கிட்டு வந்துட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை மொட்டைமாடியில நாலு பேர் ஆட்டம். நடந்ததை அப்படியே சொல்றேன்.

2ஆம் சுற்று: க்ரெங்கோஸ் கமாண்ட், ரெண்டு குட்டி. 3: கோப்ளின் மேட்ரன், அவ சீஜ்-கேங் கமாண்டரை டெக்ல இருந்து எடுத்துக் குடுத்தா. 4: க்ரெங்கோ. 5: சீஜ்-கேங் இறங்குச்சு, கூடவே மூணு குட்டி. மொத்தம் 8. க்ரெங்கோவை டேப் பண்ணுனேன், 16. 6ஆவது சுற்றுல மவுண்டன் வரல. இருந்த அஞ்சு மவுண்டன்ல ஸ்கிர்க் ப்ராஸ்பெக்டர் ஒண்ணு, கோப்ளின் ரிங்லீடர் ஒண்ணு இறக்குனேன். ரிங்லீடர் மேல இருந்து நாலு கார்டு திருப்பிக் கோப்ளின் எல்லாம் கைக்குக் குடுப்பான். திருப்புனா நாலும் மவுண்டன்! நாலும் டெக்குக்கு அடியில போச்சு. வயிறு எரிஞ்சுதுங்க. சரி, 18 ஆச்சு, டேப் பண்ணு, 36. அஞ்சு கார்டு, 31 கொட்டை. எதிர்ல மூணு பேருகிட்டயும் தடுக்கப் பெரிய உருப்படிக நின்னுச்சு. 1/1 குட்டிகளை எதுக்கு வீணாக்கணும், அடுத்த சுற்றுல 72 ஆக்கி ஒரேயடியா அடிச்சுக்கலாம்னு விட்டுட்டேன்.

எனக்கு அடுத்து வெள்ளை டெக்காரன். பச்சை டெக்காரன்கிட்ட அடி வாங்கி 19 லைஃப்ல தொங்கிட்டிருந்தான். நாலு மானா எடுத்து வச்சான். ராத் ஆஃப் காட். மேசையில ஒரு உயிர் இல்லை.

க்ரெங்கோவைத் திரும்ப இறக்க இப்ப 6 மானா (செத்த கமாண்டருக்கு 2 கூடுது), எங்கிட்ட 5. கையில நாலு கார்டு: ஆயிர வருச எலிக்ஸிர், அம்ப்ரல் மேன்டில், ஸ்விஃப்ட்ஃபுட் பூட்ஸ், கோப்ளின் வார் டிரம்ஸ். நாலும் கோப்ளின் இருந்தாத்தான் வேலை செய்யும். அப்புறம் ஒரு மணி நேரம் கடலை உரிச்சுட்டு மத்தவங்க ஆடறதைப் பார்த்தேன்.

இது முதல் தடவை இல்லைங்க, வாரம் தவறாம இதேதான். கோப்ளின் இன்னும் அஞ்சாறு சேர்க்கலாமான்னு யோசிக்கிறேன். இல்ல கோப்ளினையே விட்டுடலாமா?

---

பலிபீடம்:

பாஸ், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ஆட்டம் நீங்க தோத்த ஆட்டமே இல்ல. உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன்.

ஸ்கிர்க் ப்ராஸ்பெக்டர் மேசையில இருந்தான்ல? ஒரு கோப்ளினைப் பலி கொடுத்தா ஒரு சிவப்பு மானா. டேப் பண்ற வேலையே இல்ல, அதனால அப்பதான் இறங்கினவனா இருந்தாலும் பரவாயில்ல (புதுசா இறங்கினவன் உங்க அடுத்த முறை வரைக்கும் டேப் பண்ணவோ அடிக்கவோதான் முடியாது). சீஜ்-கேங் இருந்தாரா? ரெண்டு மானா, ஒரு கோப்ளின் பலி, யாருக்கு வேணா 2 டேமேஜ். அவருக்கும் டேப் கிடையாது.

அவன் ராத் போட்டதும், அது நடக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு வாய்ப்பு வருது. ரெண்டு குட்டி ப்ராஸ்பெக்டருக்கு, ஒரு குட்டி சீஜ்-கேங்குக்கு. மூணு குட்டிக்கு 2 டேமேஜ். இதைப் பத்து தடவை செய்யுங்க. 30 குட்டி போகும், 20 டேமேஜ் இறங்கும். அவன்கிட்ட இருந்தது 19.

இப்பதான் வேடிக்கை. நாலு பேர் ஆட்டத்துல ஒருத்தர் அவுட் ஆனா அவரோட கார்டு எல்லாம் அவர்கூடவே வெளிய போயிடும், பாதியில நிக்கிற ஸ்பெல்லும் சேர்த்து. ராத் நடக்கவே நடக்காது. உங்ககிட்ட க்ரெங்கோ, மேட்ரன், சீஜ்-கேங், ப்ராஸ்பெக்டர், ரிங்லீடர் அஞ்சு பேரும், ஒரே ஒரு புளியங்கொட்டையும் மிச்சம். 6 கோப்ளின். அடுத்த சுற்றுல 12.

குட்டிங்களைப் படைன்னு நினைச்சீங்க பாருங்க, அதான் கோளாறு. அதுங்க தோட்டா. சேர்த்து வச்சு அழகு பார்த்தா எவனாவது வந்து பெருக்கித் தள்ளிடுவான்.

---

மொட்டைமாடி கோப்ளின்:

அட கடவுளே. காலையில பஸ்ல உக்காந்து இதைப் படிச்சுட்டு எறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டேன். ப்ராஸ்பெக்டரை நான் "ஒரு மானாவுக்கு ஒரு உருப்படி"ன்னு மட்டும்தாங்க பார்த்துட்டிருந்தேன். எட்டு மாசமா!

---

ரொறன்ரோ ரவுண்டு:

பலிபீடம் சொன்னது சரி. ஆனா ஒவ்வொரு முறையும் ப்ராஸ்பெக்டரும் சீஜ்-கேங்கும் சேர்ந்து வரமாட்டினம். அதால ரெண்டு விசயம்.

முதலாவது, நீங்கள் க்ரெங்கோவை உங்கட முறையிலயே டேப் பண்ணிப்போட்டு இருக்கிறியள். அது தேவையில்லை. அவன்ர திறனை ஆற்ற முறையிலயும் பாவிக்கலாம். உங்களுக்கு முன்னால ஆடுற ஆள் தன்ர முறையை முடிக்கேக்க டேப் பண்ணுங்கோ. உடன உங்கட முறை, க்ரெங்கோ திரும்ப எழும்புவான், புதுக் குட்டியள் எல்லாம் அண்டைக்கே அடிக்கப் போகலாம். மற்ற ஆக்கள் தங்கட முறையில 36ஐப் பாக்கமாட்டினம், 18ஐத்தான் பாப்பினம். 36 கொட்டையைக் கண்டால் ஆர் சும்மா இருப்பினம்? நானெண்டாலும் ராத் போட்டிருப்பன். இடையில ஆரும் க்ரெங்கோவைக் கொல்ல வந்தால் அதுக்குப் பதிலா உடன டேப் பண்ணலாம், ஒண்டும் நட்டமில்லை.

ரெண்டாவது, 31 மவுண்டன் காணாது. 99இல 31 எண்டால் முதல் ஏழு கார்ட்டில சராசரி 2.2 மவுண்டன்தான். 36 ஆக்கினால் 2.5. சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும், ஆனா நாலு மானாக் கமாண்டரை நாலாம் சுற்றில இறக்கவும், பிறகு ஆறுக்குத் திரும்ப இறக்கவும் அதுதான் கை குடுக்கும். கார்ட் இழுக்கிற கார்ட் உங்களிட்ட எத்தினை? நாலெண்டு வையுங்கோ: மூண்டாம் சுற்றுக்குள்ள ஒண்டாவது கையில வாற சாத்தியம் 35 வீதம். பத்தெண்டால் 67 வீதம். நான் கணக்குப் போட்டுப் பாத்துத்தான் எழுதுறன்.

அதுக்கு இடம் எங்க? கோப்ளினை 46இல இருந்து 30 ஆக்குங்கோ. க்ரெங்கோ தானே குட்டி போடுவான், பிறகேன் 46?

---

பலிபீடம்:

36 மவுண்டனுக்கு ஓகே. 30 கோப்ளினுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். ரிங்லீடர் நாலு கார்டு திருப்பறான்ல, 46 இருந்தா சராசரியா 1.9 கோப்ளின் கைக்கு வரும். 30 ஆக்கினா 1.2. நாலு மானாவுக்கு 1.2 கார்டுன்னா அவனை வச்சிருக்கறதே வேஸ்ட். அவருக்கு அன்னிக்கு நாலும் மவுண்டன் வந்தது தலையெழுத்து, டெக் தப்பு இல்ல. நான் 38கிட்ட நிறுத்துவேன்.

வெட்ட வேண்டியது அந்த 22 சில்லறையைத்தான். அன்னிக்குக் கையில மாட்டின நாலையும் பாருங்க. பூட்ஸ் இருக்கட்டும், க்ரெங்கோவைக் காப்பாத்தும், இறங்கின சுற்றுலயே டேப் பண்ணவும் விடும். மத்த மூணும் நீங்க ஏற்கெனவே ஜெயிச்சுட்டிருக்கும்போது இன்னும் நல்லா ஜெயிக்க உதவற கார்டு. காலி மேசையில அதுங்களுக்கு ஒரு பைசா மதிப்பு இல்ல.

அதுக்குப் பதிலா:

இம்பாக்ட் ட்ரெமர்ஸ். ரெண்டு மானா. உங்ககிட்ட ஒரு க்ரீச்சர் (கோப்ளின் மாதிரி உருப்படி) வந்தா எதிராளி ஒவ்வொருத்தருக்கும் 1 டேமேஜ். உங்க ஆட்டத்தையே எடுத்துக்கோங்க. இது மட்டும் 5ஆவது சுற்றுக்கு முன்னாடி மேசையில இருந்திருந்தா, 5ல 12, 6ல 20. தலைக்கு 32, அதுவும் மூணு பேருக்கும். அப்புறம் ராத் போட்டா என்ன, அடிச்சது அடிச்சதுதான். அந்த 19 லைஃப்காரன் அதைப் போட இருந்திருக்கவே மாட்டான்.

கோப்ளின் பம்பார்ட்மென்ட். இதுவும் ரெண்டு மானா. பலிக்கு மானாவே வேணாம், ஒரு குட்டிக்கு 1 டேமேஜ்.

ஸ்கல்க்ளாம்ப். மாட்ட ஒரு மானா. 1/1 குட்டிக்கு மாட்டினா உடனே செத்துடும், ரெண்டு கார்டு இழுக்கலாம். 2004ல வந்த வருசமே ஸ்டாண்டர்ட்ங்கற இன்னொரு வகை ஆட்டத்துல தடை பண்ணாங்க. கமாண்டர்ல தடை இல்ல. கோப்ளின் டெக்ல இது இல்லாம இருக்கறது சாம்பார்ல புளி இல்லாத மாதிரி. உங்ககிட்ட கொட்டையாவது இருக்கு.

தார்ன்பைட் ஸ்டாஃப் பத்தி வேணும்னே சொல்லாம விடறேன். அதைக் க்ரெங்கோ கையில கொடுத்து ப்ராஸ்பெக்டரைப் பக்கத்துல நிறுத்தினா குட்டிங்களுக்கு முடிவே கிடையாது. ஒரு தடவை செய்யுங்க, அடுத்த வாரம் உங்ககூட ஆட மாடியில யாரும் இருக்க மாட்டாங்க.

---

ரொறன்ரோ ரவுண்டு:

சரி, 38. ரிங்லீடரை நான் யோசிக்கேல்லை.

புளியங்கொட்டைக்கு ஒரு யோசனை. தாயத்துக்கு ஒரு பக்கம் தரையில உரஞ்சி வெள்ளை ஆக்குவினமெல்லோ, அப்பிடி எல்லாத்தையும் உரஞ்சுங்கோ. இப்பதான் வந்த குட்டி எண்டால் வெள்ளை மேல, அடிக்கப் போகக்கூடியது எண்டால் கறுப்பு மேல. எது எப்ப வந்தது எண்டு சண்டை வராது.

---

மொட்டைமாடி கோப்ளின்:

நேத்து ராத்திரி டெக்கைப் பிரிச்சு கட்டில் மேல பரப்பி வச்சுட்டேனுங்க. கோப்ளின் 38, மவுண்டன் 36. மிச்ச 25ல ட்ரெமர்ஸ், பம்பார்ட்மென்ட், ஸ்கல்க்ளாம்ப் மூணும் உள்ள. மேன்டில், டிரம்ஸ் வெளிய. எலிக்ஸிரை மட்டும் எடுக்க மனசு வரல, அது ஒரிஜினல் கார்டு, காசு குடுத்து வாங்குனது. இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும்.

வெளிய போன கோப்ளின்ல ரெண்டு பேரை எடுக்கத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. ஓவியம் அவ்வளவு அழகு.

கொட்டை உரசறதுக்கு மாடித் தரையில உக்காந்தேன். பதினொண்ணு முடிஞ்சுது, விரல் எல்லாம் சூடு. அம்மா வந்து பார்த்துட்டு, "தாயத்துக்கு நாலு போதுமேடா, எதுக்கு இத்தனை?"ன்னாங்க. ஞாயித்துக்கிழமை வந்து பாருங்கன்னு சொல்லியிருக்கேன்.