வேக்போர்டிங் பழகத் தொடங்கியபோது: கயிற்றைப் பிடிப்பதற்கு முன்னால்

வேக்போர்டிங், அதாவது பலகையில் காலை மாட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி தண்ணீர்மேல் இழுபட்டுப் போகும் விளையாட்டு. பழக ஆசைதான், ஆனால் வயதாகிவிட்டது, நீச்சல் சரியாகத் தெரியாது, கையில் வலு இல்லை என்று ஆளுக்கொரு தயக்கம் சொல்கிறார்கள். நான் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் பலகையில் கால் வைத்தேன். சிங்கப்பூரில், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இருக்கும் லகூனில். என்னைக் கேட்டால், முதல் நாள் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பது கை வலுவும் இல்லை, சமநிலையும் இல்லை. இரண்டு காலும் பலகையில் மாட்டியிருக்கும்போது தண்ணீரில் பதறாமல் கிடக்க முடிகிறதா என்பதுதான்.

2015-ல் தென்கிழக்காசிய விளையாட்டுகள் இங்கே நடந்தபோது பிடோக் நீர்த்தேக்கத்தில் வேக்போர்டு போட்டி நடந்தது. குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். அப்போது தொடக்கப்பள்ளியில் இருந்த மகளுக்கு அன்றே ஆசை ஒட்டிக்கொண்டது. அவள் பாலிடெக்னிக் போன பிறகு பழகி, அப்புறம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

இழுப்பது படகாகவும் இருக்கலாம், தண்ணீருக்கு மேலே கோபுரங்களில் கட்டி ஓடும் கேபிளாகவும் இருக்கலாம். கேபிள் முறை ஜெர்மானியப் பொறியாளர் புரூனோ ரிக்ஸன் 1960களில் தண்ணீர்ச் சறுக்குக்காகக் கொண்டுவந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு கோபுரங்களுக்கு நடுவே போய்த் திரும்பும் சின்னக் கேபிள் போதும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இயக்குபவர் கையில். நீங்கள் விழுந்தால் அவர் நிறுத்துவார், கைப்பிடி பக்கத்திலேயே இருக்கும். கயிறு மேலிருந்து இழுப்பதால் உடம்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடவும் அது உதவுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பலகையில் காலை மாட்டும் காலணி போன்ற பைண்டிங்குக்குள் கால் எளிதில் போகாது. காலையும் பைண்டிங்கையும் நன்றாக நனைத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். சோப்புத் தண்ணீர் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. மாட்டி இறுக்கியதும் கால்கள் நம் கால்கள் மாதிரியே இருக்காது. இரண்டையும் தனித்தனியாக அசைக்க முடியாது. நீச்சல் குளத்தில் பழகிய உடம்பு உதைக்கப் பார்க்கும், உதைக்க வழியில்லை. லைஃப் ஜாக்கெட் மார்பைத் தூக்கும், பலகையும் மிதக்கும். அதனால் கால் கீழே இறங்காமல் மேலேயே நிற்கும். மல்லாந்து இருக்கும்வரை ஒன்றுமில்லை. குப்புற விழுந்தால்தான் ஒரு கணம் என்ன செய்வதென்று புரியாது.

இதற்கு மகள் சொல்லிக்கொடுத்த வழியை யாருக்கும் முதலில் சொல்லித்தருவேன். தலையைத் தூக்கப் போராட வேண்டாம். முழங்காலை மடித்து மார்புப் பக்கம் இழுங்கள். ஒரு தோளைத் தண்ணீருக்குள் அழுத்தி இடுப்பைத் திருப்புங்கள். பலகையும் கூடவே புரண்டு, முகம் வானத்தைப் பார்த்துவிடும். கயிற்றைத் தொடுவதற்கு முன்பே, கிளம்பும் மேடைப் பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு, இதை நான் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். குப்புற, மல்லாக்க, மறுபடியும் குப்புற. "அம்மா, போதும்மா, வரிசை நிக்குது" என்று மகள் சொல்லும்வரை விடவில்லை. இங்கே செலவழித்த நேரம் ஒரு நிமிடம்கூட வீணில்லை. விழுந்தால் திரும்பிவிடலாம் என்று உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் கயிற்றைப் பயமில்லாமல் பிடிக்க முடியும். பயந்த கை கைப்பிடியை நெஞ்சோடு இழுக்கும், அப்படி இழுத்தாலே பின்பக்கம் சாய்ந்து விழ வேண்டியதுதான்.

தொடங்கும் நிலை இப்படி: மல்லாந்து மிதக்க வேண்டும், முழங்கால் மடங்கி மார்பருகே, பலகை கயிற்றுக்குக் குறுக்காக. கைகள் நேராக நீண்டிருக்கட்டும். கயிறு இறுகும்போது தண்ணீர் பலகையின் அடியில் வந்து முட்டுவது குதிகாலில் தெரியும். எழுந்துவிட வேண்டும் என்று அப்போது உடம்பு துடிக்கும். எழக் கூடாது. குந்தியே இருங்கள். பலகை தண்ணீர்மேல் ஏறி வழுக்கத் தொடங்கிய பிறகு, முன்னே இருக்கும் கால், கயிறு இழுக்கும் திசைக்குத் தானாகவே திரும்பும். நாற்காலியிலிருந்து எழுவது போல மெதுவாக நிமிர்ந்தால் போதும், அதுவும் பாதிவரைக்கும்தான். முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். கைப்பிடி இடுப்புப் பக்கம் தாழ்வாக இருக்கட்டும். பார்வை எதிர்க்கோபுரத்தில், பலகையைப் பார்த்தால் தலை கவிழும், தலை போகும் பக்கம் உடம்பும் போகும்.

எந்தக் கால் முன்னே வரவேண்டும் என்று தெரியாவிட்டால் யாராவது பின்னாலிருந்து லேசாகத் தள்ளட்டும். விழாமல் இருக்க எந்தக் கால் முதலில் முன்னே போகிறதோ அதையே முன்னே வைத்துத் தொடங்கிப் பாருங்கள். இடது கால் முன்னே என்றால் ரெகுலர், வலது கால் என்றால் கூஃபி. இரண்டும் சரிதான்.

முதல்முறை நின்றபோது என்னைத் தொட்டது வேகம் இல்லை, சத்தம். அதுவரை காதில் அடித்துக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று அடங்கி, பலகைக்கு அடியில் சர்ரென்று ஒரே சீரான ஓசை. மேடையிலிருந்து மகள் கத்தினது கேட்டது. அவள் அவ்வளவு சந்தோஷமாகக் கத்திக் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது.

மறுநாள் முன்கை இரண்டும் இறுகிப் போயிருந்தன. அது போகப் போகக் குறையும், ஏனென்றால் தொடக்கத்தில் நாம் கைப்பிடியைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறோம். இன்னொன்று, சிங்கப்பூரில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வந்தால் எல்லோரையும் கரையேற்றிவிடுவார்கள். காலையில் போவது நல்லது. முடித்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் உணவு நிலையத்தில் சாத்தேயும் கரும்புச்சாறும் சாப்பிடலாம்.

நீங்கள் எங்கே, எப்படித் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்.

*

அக்கா, நான் பொங்கோலில் படகுக்குப் பின்னால் பழகியவன். குப்புற விழுந்தால் திரும்பும் முறையை நீங்கள் எழுதியிருப்பது படகுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். படகு சுற்றி வந்து நம்மிடம் சேர நேரம் பிடிக்கும். அதுவரை தண்ணீரில் தனியாகக் கிடக்க வேண்டும். விழுந்து நிமிர்ந்ததும் ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட வேண்டும். நலமாக இருக்கிறேன் என்று படகில் இருப்பவர்களுக்குச் சொல்லவும் அதுதான் வழி, மற்றப் படகுகளின் கண்ணில் படவும் அதுதான் வழி.

படகில் பழகுவது கடினம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஓட்டுபவரைப் பொறுத்தது. தொடக்கக்காரரைச் சட்டென்று இழுக்கக் கூடாது. முதலில் கயிறு இறுகும்வரை ஊர்ந்து, அப்புறம் மெல்லக் கூட்ட வேண்டும். என் முதல் முயற்சியின்போது ஓட்டியவர் வேகமாக இழுத்து, கைப்பிடி கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. அடுத்த வாரம் வேறொருவர் ஓட்டினார். கயிற்றையும் குட்டையாக்கினார், இழுப்பும் மென்மை. அன்றைக்கே நின்றேன். ஓட்டுபவர் தவிர, பின்பக்கம் பார்த்துக்கொண்டே இருக்க இன்னொருவரும் படகில் இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் ஏறாதீர்கள். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்.

நின்ற பிறகு, படகு இரண்டு பக்கமும் கிளப்பிவிடும் அலையைத் தாண்ட அவசரம் வேண்டாம். படகின் நேர் பின்னால், இரண்டு அலைகளுக்கும் நடுவே இருக்கும் தட்டையான தண்ணீரிலேயே குதிகாலை அழுத்தியும் கால்விரல்நுனியை அழுத்தியும் இப்படி அப்படிப் போய்ப் பழகுங்கள். விரல்நுனிப் பக்கம் எனக்குப் பிடிபட நிறைய நாளானது.

*

சிட்னிப் பக்கம் பென்ரித்திலிருந்து எழுதுகிறேன். இங்கே பெரிய கேபிள், ஏரியைச் சுற்றி ஓடும், ஒரே நேரத்தில் பலர் போவார்கள். நமக்காக அது நிற்காது. அதனால் நானும் மனைவியும் முதலில் நீபோர்டில், அதாவது முழங்காலிட்டுப் போகும் பலகையில்தான் தொடங்கினோம். மேடையிலிருந்து கிளம்பும்போது வெடுக்கென்று வரும் முதல் இழுப்பு எப்படி இருக்கும் என்று அதில் பழகிவிட்டால், நின்று போகும்போது பாதி பயம் போய்விடும்.

பெரிய கேபிளில் எல்லோரையும் விழவைப்பது திருப்பம்தான். கோபுரத்தை நெருங்கும்போது உள்பக்கமாகப் போனால் கயிறு தொய்ந்துவிடும். கேபிள் திரும்பியதும் தொய்ந்த கயிறு வெடுக்கென்று இறுகும், ஆள் பறப்பார். திருப்பத்தில் அடையாளத்துக்கு விட்டிருக்கும் மிதவைகளுக்கு வெளிப்பக்கமாக அகலப் போங்கள், கயிறு இறுக்கமாகவே இருக்கும். இழுப்பு வருவதற்குள் பலகையின் மூக்கை அடுத்த கோபுரத்தின் பக்கம் திருப்பிவிடுங்கள். இழுப்பு வந்ததும் முழங்காலை இன்னும் மடியுங்கள். கைப்பிடி கையைவிட்டுப் போகப் போகிறது என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள், பிடித்துத் தொங்கினால் தோள்பட்டைக்குத்தான் கேடு.

விழுந்த இடத்திலிருந்து பலகையைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்துதான் மேடைக்கு வரவேண்டும். விழுந்ததும் கேபிளின் பாதையை விட்டு உடனே விலகுங்கள், பின்னால் இன்னொருவர் வந்துகொண்டிருப்பார். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் தலைக்குப் பின்னால் கட்டும் மிதக்கும் பட்டை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் முதல் சில நாளைக்குக் கழற்றி வைத்துவிடுவதே மேல். எதிர்க்கோபுரம் மங்கலாகத் தெரிந்தாலும் போதும்.