டாக்டர் வீட்டுக்கு எந்த இன்சூரன்ஸ்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

சேலம் அஸ்தம்பட்டில இருக்கோம்ங்க, வீட்டுக்காரர் டாக்டர், வயசு 41, சொந்த கிளினிக், வீட்டு லோனோட கிளினிக் லோனும் ஓடுது, ரெண்டு பசங்க, அவர் வருமானம் மட்டும்தான். ஏஜெண்ட், நடுநடுவுல கொஞ்சம் கொஞ்சமா பணம் திரும்பத் தர்ற மணிபேக் பாலிசியே போதும்ங்கறார், எனக்கு மனசு ஒப்பல. இறந்தா மட்டும் குடும்பத்துக்குப் பணம் தர்ற டெர்ம் பாலிசிய 1874 எம்டபிள்யூபி சட்டப்படி (மணமான பெண்கள் சொத்துச் சட்டம்) எடுத்தா பணம் மனைவி பிள்ளைங்களுக்குத்தான், கடன்காரங்க கை வைக்க முடியாதாம், ஆனா எடுக்கும்போதே சொல்லிடணுமாம், அப்படி எடுத்தவங்க இருக்கீங்களா?

இதைவிட பெரிய பயம் ஒண்ணு இருக்கு, போன மாசம் ஏற்காடு கொண்டை ஊசி வளைவுல பைக் சறுக்கி அவருக்கு மணிக்கட்டு உடைஞ்சுடுச்சு, மூணு வாரம் கிளினிக் பூட்டிக் கெடந்துச்சு, வாடகையும் நர்ஸ் சம்பளமும் நிக்கலையே, டெர்ம்ல இதுக்கெல்லாம் காசு வராதுல்ல. வேலை செய்ய முடியாத நாளுக்கு வாராவாரம் பணம் தர்ற ஆக்சிடென்ட் பாலிசில க்ளெய்ம் வாங்கினவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க. பேஷண்ட் கேஸ் போட்டா உதவுற இன்டெம்னிட்டி பாலிசி எவ்ளோ தொகைக்கு எடுத்திருக்கீங்க?