கம்ப்யூட்டர்ல ஐஈஎல்டிஎஸ், டைப்பிங் சுத்தமா வராது, என்ன பண்றதுங்க?

கோபி_மெக்: வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் நம்மூரு, பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப மெக்கானிக்கல் கடைசி வருஷம். ஜெர்மனில மாஸ்டர்ஸ் போகோணும்னு ஆசை, நான் பாத்து வச்சிருக்கற கோர்ஸுக்கு ஐஈஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சைல ஓவரால் ஸ்கோர் 6.5 கேக்கறாங்க. படிச்சா புரியுதுங்க, ஆனா மாக் டெஸ்ட்ல ரைட்டிங் ரெண்டாவது டாஸ்க் பாதில நிக்கறப்பவே டைம் முடிஞ்சுபோகுது, ரெண்டு வெரல்ல எழுத்தத் தேடித்தேடி அடிச்சா வேற என்ன ஆகும். கோச்சிங்ல கேட்டா டெம்ப்ளேட் தர்றோம் மனப்பாடம் பண்ணிக்கன்றாங்க, பீஸ் கேட்டா எங்கப்பாவுக்கு மயக்கமே வந்துரும். பேசாம பேப்பர்லயே எழுதிறலாமுங்களா?

மஞ்சமண்டி: தம்பி, உங்கூர்லயே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருக்குமே, அங்க போய்ச் சேருங்க. லோயர் பரீட்சைக்கே நிமிசத்துக்கு 30 வார்த்தை அடிக்கோணும். உங்களுக்கு மொத டாஸ்க்குக்கு 150, ரெண்டாவதுக்கு 250, ஆக 400 வார்த்தை, நேரம் 60 நிமிசம். அந்த வேகம் வந்துருச்சுன்னா அடிக்கறதுக்கு கால் மணி நேரம் கூட ஆகாது, மிச்சமெல்லாம் யோசிக்கறதுக்குத்தான். ரெண்டாவது டாஸ்க்குக்குத்தான் மார்க் டபுள், அதனால மொதல்ல அதையே எழுதிப்போடுங்க, தப்பில்ல. அந்த டெம்ப்ளேட்ட நம்பாதீங்க, மனப்பாடம் பண்ணுனது திருத்தறவங்களுக்கு நெம்ப ஈசியா தெரிஞ்சு போயிரும்.

பொள்ளாச்சி_இளநி: எனக்கென்னமோ வேகம் மட்டும்தான் பிரச்சனைன்னு தோணலைங்க. என்ன எழுதறதுன்னு தெரியாம உக்காந்துட்டு டைப்பிங் மேல பழி போடறவங்களும் நெறைய இருக்கறாங்க, ஒருக்கா பேப்பர்ல டைம் வச்சு எழுதிப்பாருங்க, அப்பவும் முடியலைன்னா யோசனைலதான் நேரம் போகுதுன்னு அர்த்தம். ஒரு அஞ்சு நிமிசம் பாயிண்ட் குறிச்சுட்டு அப்பறம் அடிங்க. ஸ்பெல் செக் கெடையாது, சிவப்புக் கோடு ஒண்ணும் வராது, அதனால நோட்பேட்ல அடிச்சுப் பழகுங்க. லிஸனிங் ஒரே தடவைதான் ஓடும். கம்ப்யூட்டர்ல பதில சரிபாக்க கடைசில வெறும் 2 நிமிசம்தான், அதனால கேக்கக்கேக்கவே அடிச்சுரோணும். ஸ்பெல்லிங் போச்சுன்னா அந்த மார்க்கும் போச்சு. ரெண்டு வார்த்தைக்கு மேல வேண்டாம்னு போட்டிருந்தா மூணு எழுதி வச்சுட்டு வராதீங்க.

கோபி_மெக்: ரெண்டு பேருக்கும் நன்றிங்க. ஸ்பீக்கிங்கும் கம்ப்யூட்டர்கிட்டயே பேசோணுமுங்களா? நம்ம பேச்சு அவங்களுக்குப் புரியுமான்னு ஒரே வெசனமா இருக்குது.

மஞ்சமண்டி: இல்ல கண்ணு, இதுல ஆளுகூடத்தான் பேசோணும், 11லருந்து 14 நிமிசம். மெஷின்கிட்ட பேசறது டோஃபல், பிடிஈ மாதிரி வேற இங்கிலீஷ் பரீட்சைகள்ல. நம்மூரு இழுவைக்கு மார்க் கொறைக்க மாட்டாங்க, சொல்றது தெளிவாக் கேட்டாப் போதும். நடுவுல ஒரு டாபிக் குடுத்து ஒரு நிமிசம் யோசிக்கச் சொல்லுவாங்க, ஒண்ணுலருந்து ரெண்டு நிமிசம் நீங்களே பேசோணும். லண்டன் டவர் பாத்தாப்ல எல்லாம் கத விடவேண்டாம், பவானி ஆத்துல குளிச்சதச் சொல்லுங்க, வார்த்தை தானா வரும். பொழுதோட போன்ல ரெக்கார்டு பண்ணி நீங்களே கேளுங்க, மொத ரெண்டு நாளு நம்ம கொரல நம்மளே கேக்கக் கூச்சமாத்தான் இருக்கும்.

பொள்ளாச்சி_இளநி: இன்னொண்ணுங்க, ஒரு பகுதில மட்டும் கம்மியாப் போச்சுன்னா அத மட்டும் 60 நாளுக்குள்ள திரும்ப எழுதற வசதி கம்ப்யூட்டர்ல எழுதறவங்களுக்கு இருக்குது. ஆனா எல்லா யுனிவர்சிட்டியும் அத ஏத்துக்காது, மொதல்லயே மெயில் போட்டுக் கேட்டுக்கோங்க. ஸ்கோர் 2 வருசம்தான் செல்லும், இப்பவே அவசரப்பட்டு எழுதிராதீங்க. ஜெர்மனி விசாவுக்கு ஏபிஎஸ் சர்டிபிகேட் வேற வேணும், நம்ம படிப்பு சர்டிபிகேட்டெல்லாம் நெசந்தான்னு சரிபாத்துத் தர்றது அது, அதுக்கும் டைம் ஒதுக்கிக்கோங்க. பரீட்சைக்குப் போறப்ப ஆதார் எடுத்துட்டுப் போனா உள்ள விடமாட்டாங்க, பாஸ்போர்ட்தான் வேணும். எடுத்தாச்சுங்களா?

கோபி_மெக்: இன்னும் இல்லீங்க. நாளைக்கே அப்ளை பண்ணிர்றேன்.