1917 எஸ்எம்எல்இ-க்கு வாங்கிய பயோனெட் ஏறவில்லை, எண்ணும் பொருந்தவில்லை

பழைய_இரும்பு:
என்னிடம் இருப்பது என்ஃபீல்டில் 1917இல் செய்த எஸ்எம்எல்இ மார்க் 3*, முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள். அதற்கென்று ஒரு பயோனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) வாங்கினேன். பிளேடு 17 அங்குலம், 1917 என்று முத்திரையும் இருக்கிறது. ஆனால் ரைஃபிளில் ஏற மாட்டேன் என்கிறது, பிடிக்கும் பிளேடுக்கும் நடுவிலுள்ள குறுக்குச்சட்டத்தின் வளையம் உயரமாக நிற்கிறது. ரைஃபிளின் எண்ணும் இதில் எங்கேயும் இல்லை. மரச் சுத்தியலால் லேசாகத் தட்டி ஏற்றலாமா?

கொக்கி1907:
தட்டாதீங்க! நோஸ்கேப் (ரைஃபிளின் முன்முனை உலோக மூடி) முளை நசுங்கினால் சரியான பயோனெட்டும் பிறகு ஏறாது.

எஸ்எம்எல்இ-யில் பயோனெட் குழலையே தொடாது. குழலுக்குக் கீழே நோஸ்கேப்பில் துருத்திக்கொண்டிருக்கும் முளையில்தான் வளையம் மாட்டும். பிரிட்டிஷ் பேட்டர்ன் 14 ரைஃபிளிலும் அமெரிக்க எம்1917லும் வளையம் குழல் மேலேயே மாட்டும். அதனால் அவற்றின் பயோனெட்டில் வளையம் உயரத்தில் இருக்கும். மற்றபடி அவையும் எஸ்எம்எல்இ பயோனெட்டும் ஒரே அச்சு. பிடிக்கட்டையைப் பாருங்க: குறுக்கே இரண்டு ஆழமான வரி வெட்டியிருந்தால் அது எஸ்எம்எல்இ-க்கு இல்லை. குழப்பம் வரக்கூடாது என்றே அந்த வரிகளைப் போட்டார்கள்.

எண் விஷயம்: பிரிட்டிஷ்காரர்கள் பொதுவாக பயோனெட்டில் ரைஃபிள் எண்ணைக் குத்தவில்லை. எண் பொருந்த வேண்டியது ரிசீவர் (போல்ட் ஓடும் நடு உடல்), குழல், போல்ட் கைப்பிடி, நோஸ்கேப், பின்பக்கக் குறி இலை, முன்கட்டை ஆகியவற்றில். "எண் பொருந்திய பயோனெட்" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்க. ரஷ்ய மோசின் 91/30 வேறு கதை. அதில் பயோனெட்டுக்கும் எண் உண்டு, பழுதுபார்ப்பின்போது பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிதாகக் குத்தியவையும் ஏராளம்.

நூல்பிடி:
எஸ்எம்எல்இ-க்குத் தேட வேண்டியது பேட்டர்ன் 1907 பயோனெட். பிளேட்டின் அடியில் கிரீடம், 1907 என்று இருக்கும். அது மாதிரியின் ஆண்டு, செய்த ஆண்டு இல்லை. அதற்குக் கீழே "5 17" போல மாதமும் ஆண்டும், பிறகு வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன் என்று செய்த நிறுவனத்தின் பெயர். மறுபக்கம் பிரிட்டிஷ் அரசு உடைமையைக் காட்டும் அகன்ற அம்புக்குறியும், வளைவுச் சோதனைக்கான எக்ஸ் குறியும்.

1917 ரைஃபிளோடு வைக்க, குறுக்குச்சட்டத்தில் கொக்கி போல வளைந்த நீட்சி இல்லாததாக, பிடியின் முனைக் குமிழில் துளை உள்ளதாகப் பாருங்க. கொக்கியை 1913இல் கைவிட்டார்கள். அழுக்கை வெளியேற்றும் துளை 1916இல் வந்தது. கொக்கி உள்ளதற்கு விலை அதிகம் என்பதால் பற்றவைத்து விற்பவர்களும் உண்டு. அசலில் கொக்கியும் குறுக்குச்சட்டமும் ஒரே இரும்பு. சேருமிடத்தில் நிறம் மாறினாலோ அரம் போட்ட தடம் தெரிந்தாலோ வாங்காதீங்க.

இந்தியாவின் இஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் குட்டையாக்கிய 12 அங்குல பிளேடும் கச்சிதமாக ஏறும், ஆனால் உங்கள் ரைஃபிளின் காலத்துக்கு அது பொருந்தாது.

பழைய_இரும்பு:
இரண்டு வரி இருக்கிறது! மறுபக்கத்தில் 'யுஎஸ்' என்று முத்திரை.

கொக்கி1907:
அப்போ அது அமெரிக்க எம்1917 பயோனெட். ஆண்டு ஒத்துப்போனது தற்செயல், அங்கேயும் 1917 என்பது மாதிரியின் பெயர். சரக்கு ஒன்றும் மட்டமில்லை. வின்செஸ்டர் ட்ரெஞ்ச் ஷாட்கன்களுக்கும் இதுதான் பொருந்தும், விற்றால் போகும்.

அதுவரை தோல் உறையில் போட்டு வைக்காதீங்க. பதனிட்ட தோலின் அமிலமும் ஈரமும் பிளேட்டைக் குழி குழியாக அரிக்கும். பிளேட்டில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லிசாகத் தடவி, உறையைத் தனியாக வையுங்க. துருவுக்கு எண்ணெயில் தோய்த்த 0000 ஸ்டீல் வுல் போதும். உப்புத்தாள் பக்கமே போகாதீங்க, முத்திரை மழுங்கினால் பாதி விலைதான்.