சர்க்கரை நோய் உள்ள பூனையைப் பார்த்துக்கொள்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் பூனை மீனுவுக்கு 11 வயது. போன மாதம் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை. நன்றாகச் சாப்பிட்டும் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. பரிசோதித்ததில் சர்க்கரை நோய். இப்போது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கிளார்ஜின் இன்சுலின், 1 யூனிட். உலர் தீனியை நிறுத்தி, மாவுச்சத்து குறைந்த ஈர உணவு கொடுக்கிறோம்.

ஊசி பழகிவிட்டது. சாப்பிடும் நேரத்தில் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து ஊசி போட்டால் அவளுக்குத் தெரிவதே இல்லை. காதில் குத்தி ரத்தம் எடுப்பதுதான் முடியவில்லை. மருத்துவமனைக்குப் போனால் பயத்திலேயே சர்க்கரை ஏறிவிடுகிறது, அதனால் வீட்டில் பார்க்கச் சொல்கிறார் மருத்துவர். வெதுவெதுப்பான துணியால் காதை ஒற்றி, விளிம்பில் குத்தினால் கடுகளவு துளி எட்டிப் பார்க்கும். சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப்பை அருகில் கொண்டு போவதற்குள் தலையை உதறிவிடுகிறாள். அப்புறம் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். மறுபடி குத்த எனக்கு மனசு வருவதில்லை.

சர்க்கரை தாழ்ந்தால் தள்ளாடும், நடுங்கும், ஈறில் தேன் தடவிக்கொண்டே தூக்கி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். சரி, நாங்கள் தூங்கும்போது நடந்தால்? இரவில் இரண்டு முறை எழுந்து அவள் மூச்சைப் பார்க்கிறேன்.

வீட்டில் ரத்தம் எடுத்துப் பார்ப்பவர்கள் பூனையை எப்படிப் பிடிக்கிறீர்கள்? காது ஒத்துவராமல் பாதத்தில் எடுத்தவர்கள் உண்டா? இன்சுலின் தேவைப்படாத நிலைக்கு வந்த பூனை யாரிடமாவது இருந்தால், எத்தனை மாதம் ஆனது என்றும் சொல்லுங்கள்.