சிபியு சும்மா இருக்கிறது, போஸ்ட்கிரஸ் மட்டும் நிற்கிறது. எங்கே பார்ப்பது?

வெயில்காலம்:
டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 14. சாயங்காலம் பில்லிங் கூடும் நேரத்தில் திரை அப்படியே நின்றுவிடுகிறது, சர்வரில் போய்ப் பார்த்தால் சிபியு 10 சதவீதம்கூட இல்லை, டிஸ்க்கும் அமைதி. கண்காணிக்கத் தனி மென்பொருள் வாங்க இப்போது வழியில்லை. டேட்டாபேஸிலேயே இருக்கும் வியூக்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

கரிசல்:
தாராளமாக. சிபியு சும்மா இருந்தும் வேலை நகரவில்லை என்றால் முதலில் லாக்கைத்தான் (ஒரு வரியை ஒருவர் மாற்றும்போது இன்னொருவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டு) சந்தேகப்பட வேண்டும். நிற்கிற நேரத்திலேயே, எந்த இணைப்பு என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி வியூவைப் பாருங்கள், இணைப்புக்கு ஒரு வரி வரும். வெயிட்_ஈவென்ட்_டைப்பில் 'லாக்' என்று இருப்பவை இன்னொரு இணைப்புக்காகக் காத்துக் கிடக்கின்றன. யாருக்காக என்று தெரிய அந்த இணைப்பின் பிஐடியை (புராசஸ் எண்) பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸ் ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். போஸ்ட்கிரஸ் 9.6 முதலே இது இருக்கிறது, லாக் பட்டியலான பிஜி_லாக்ஸை நாமே ஜாயின் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சூப்பர்யூசரும் தேவையில்லை, பிஜி_மானிட்டர் ரோல் போதும்.

வெயில்காலம்:
பார்த்தேன். சங்கிலியைப் பிடித்துப் போனால் எல்லா அப்டேட்டும் கடைசியில் ஒரே பிஐடியில் போய் முடிகிறது. அதன் ஸ்டேட் 'ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்' (டிரான்ஸாக்ஷனைத் திறந்துவிட்டு முடிக்காமல் சும்மா இருக்கிறது), டிரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரம் 40 நிமிடத்துக்கு முன். ஆனால் குவெரி என்று இருப்பது சாதாரண செலக்ட். செலக்ட் எப்படி அப்டேட்டை மறிக்கும்?

கரிசல்:
அந்த செலக்ட் மறிக்கவில்லை. இணைப்பு ஐடிலாக இருக்கும்போது அந்த இடத்தில் தெரிவது கடைசியாக ஓடி முடிந்த குவெரிதான். அதே டிரான்ஸாக்ஷனில் அதற்கு முன்னால் ஓடிய ஏதோ ஒரு அப்டேட் லாக்கை எடுத்திருக்கும், கமிட்டோ ரோல்பேக்கோ ஆகும்வரை அது விடாது. கோடில் பிகின் போட்டுவிட்டு நடுவில் வெளி ஏபிஐ பதிலுக்குக் காத்திருக்கும் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இப்போதைக்கு அந்த இணைப்பையே துண்டிக்கும் பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட் போடுங்கள். பிஜி_கேன்சல்_பேக்கெண்ட் எடுபடாது, ரத்து செய்ய ஓடுகிற குவெரியே அங்கே இல்லையே.

மேல்மாடி:
கூடவே அந்த ஆப்பின் ரோலுக்கு மட்டும் ஐடில்_இன்_டிரான்ஸாக்ஷன்_செஷன்_டைம்அவுட் (இப்படிச் சும்மா கிடக்கும் இணைப்பைத் தானே துண்டிக்கும் அமைப்பு) 60 நொடி வையுங்கள், ஆனால் அதை வைத்துவிட்டு கோடைத் திருத்தாமல் விடாதீர்கள். இப்படித் திறந்து கிடக்கும் டிரான்ஸாக்ஷனால் டேபிளைச் சுத்தம் செய்யும் வேக்குவமும் செத்த வரிகளை (மாற்றியும் அழித்தும் பழையதாகிப்போனவை) எடுக்க முடியாது. பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸில் செத்த வரிகளின் எண்ணிக்கையான என்_டெட்_டப் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆக்டிவிட்டி வியூ இந்த நொடியை மட்டும்தான் காட்டும். எந்த குவெரி மொத்தமாக நேரத்தைத் தின்கிறது என்று தெரிய பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷன் வேண்டும், அதை ஷேர்டு_பிரிலோட்_லைப்ரரிஸ் என்ற அமைப்பில் சேர்த்தால் சர்வரை ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும், ஆகவே ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள்.